மண்மணம் கமழும் சமுதாயக் கூடம்: கட்டுவது எப்படி?

வாழ்த்துகள். உங்கள் ஊருக்குச் சமுதாயக் கூடம் சாங்ஷன் ஆகிவிட்டது. எம்.எல்.ஏ. நிதியோ, எம்.பி. நிதியோ, ஏதோ ஒன்று. நீங்கள் ஊராட்சித் தலைவராக இருக்கலாம், ஒன்றியப் பொறியாளராக இருக்கலாம், காண்ட்ராக்டராக இருக்கலாம், நகரத்திலிருந்து கார் வைத்து அழைத்துவரப்பட்ட ஆர்க்கிடெக்டாகவும் இருக்கலாம். ஆணையில் ஒரு வரி உங்களை உறுத்திக்கொண்டிருக்கும்: கூடம் உள்ளூர்ச் சூழலையும் வரலாற்றையும் பிரதிபலிக்க வேண்டுமாம்.

பயப்படாதீர்கள். இதுவரை செய்துவந்ததையேதான் செய்யப்போகிறீர்கள். நான் அதைக் கொஞ்சம் வரிசைப்படுத்தித் தருகிறேன், அவ்வளவுதான்.

1. இடம் பாருங்கள்

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊரை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். யாரும் கூப்பிடாமலே ஜனங்கள் எங்கே வந்து உட்காருகிறார்கள்? மந்தையிலா, பஸ் நிற்கும் இடத்து வேப்பமரத்தடியிலா, ஊருணிக் கரையிலா? எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த இடங்களை எல்லாம் அடித்துவிட்டு, மிச்சமிருக்கும் ஊரில் தேடுங்கள்.

மிச்சம் பெரும்பாலும் நீர்நிலைப் புறம்போக்காக இருக்கும். அருமையான இடம். பட்டா இல்லை, பயிர் இல்லை, பங்காளித் தகராறு இல்லை. வருஷத்தில் எட்டு மாதம் காய்ந்து கிடக்கிறது. மண் அடித்து மேடாக்கிவிட்டால் மைதானம்.

மனசாட்சி குத்தினால் முன்னோடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான் 1976-ல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரத்திலேயே மழையைப் பாடிய மனிதருக்கு ஏரிக்குள்ளேயே மண்டபம். இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? பக்கத்துக் குடியிருப்புக்கு இன்றும் 'லேக் ஏரியா' என்றே பெயர். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. போய் நின்று பார்த்தால் எதிர்வீட்டு பால்கனி நன்றாகத் தெரியும். திருநெல்வேலியின் புதிய பேருந்து நிலையம் வேய்ந்தான்குளத்தில் இருக்கிறது. குளம் போனால் என்ன, பெயரைக் காப்பாற்றிவிட்டோமே. உள்ளூர் வரலாற்றைப் பிரதிபலிப்பதில் முதல் மதிப்பெண் உங்களுக்குக் கிடைத்துவிட்டது.

ஐப்பசி பிறந்ததும் தண்ணீர் தன் வழக்கப்படி அங்கே வரும். வரட்டும். வெள்ள நிவாரண முகாம் என்று தாசில்தார் ஆபீஸ் பட்டியலில் உங்கள் கூடத்தின் பெயர்தான் இருக்கும். மேட்டுத்தெருவில் உலர்ந்த வீட்டில் இருப்பவர்களையும் கொண்டுவந்து முழங்கால் தண்ணீரில் தங்கவைக்கலாம்.

கடலோர மாவட்டங்களில் சுனாமிக்குப் பிறகு பல்நோக்குப் பேரிடர் மையங்கள் கட்டியிருக்கிறார்கள். தூண்களின் மேல் கூடம், கீழ்த்தளம் வெறும் திறந்தவெளி. அலையோ வெள்ளமோ வந்தால் தூண்களுக்கு நடுவே ஓடிப்போகட்டும் என்று. எவ்வளவு இடம் வீண் பாருங்கள்! உங்களுக்கு அப்படி ஒரு டிசைன் வந்து மாட்டிக்கொண்டால், திறப்பு விழா முடிந்த மறுவாரமே கீழ்த்தளத்தைச் சுவர் வைத்து அடைத்து உர மூட்டைக் கிடங்காக்கிவிடுங்கள்.

2. மரத்தை வெட்டுங்கள்

ஜேசிபி திரும்ப இடம் வேண்டும். மரம் இருந்தால் திரும்பாது. வேறு காரணம் எதுவும் வேண்டியதில்லை. நாற்பது வருஷத்துப் புங்கமரம் ஒரு முற்பகலில் போய்விடும். திறப்பு விழா அன்று அதே இடத்தில் விருந்தினர் கையால் ஒரு கன்று நட்டு, கூண்டு வைத்து, கூண்டில் நன்கொடையாளர் பெயரை எழுதுங்கள். கன்று பட்டுப்போனாலும் கூண்டு நிற்கும்.

3. வரைபடம் வரையாதீர்கள்

எதற்கு வரைய வேண்டும்? டைப் டிசைன் இருக்கிறது. நீள்சதுரமாக ஒரு ஹால், ஒரு முனையில் மேடை, மறு முனையில் ஷட்டர், இரண்டு பக்கமும் ஜன்னல், ஜன்னலுக்கு மேல் இரண்டடி சன்ஷேடு. வால்பாறைக்குப் பக்கத்தில் சின்னக்கல்லாறு என்று ஓர் இடம், தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை கொட்டும் இடங்களில் ஒன்று. அங்கேயும் இதே இரண்டடிதான். ராமநாதபுரத்தில் வானத்தைப் பார்த்துக் கண் பூத்த ஊருக்கும் இதே இரண்டடிதான். சமத்துவம் வேறு எந்தத் துறையில் இந்த அளவுக்கு வந்திருக்கிறது?

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. தென்மேற்குக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே உள்ளே புகுந்து கோவை, பல்லடம், உடுமலைப் பக்கமெல்லாம் வீசுகிறது. தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடி மாதம் நின்றால் வேட்டி உடம்பில் தங்காது. அங்கெல்லாம் காற்றாலை நட்டவன் காற்று எந்தத் திசையில் வருகிறது என்று பார்த்துத்தான் நட்டிருக்கிறான். அவனுக்கு மின்சாரம் வேண்டும், பார்த்தான். உங்களுக்கு என்ன வந்தது? காற்று வரும் பக்கத்தில் சுவரை முழுசாக எழுப்பிவிடுங்கள். கொஞ்சம் நுணுக்கமாகச் செய்ய ஆசை இருந்தால், அந்தப் பக்கத்தில் கழிப்பறையை வையுங்கள். பந்தி பரிமாறும்போது ஊருக்கே தெரியும், கூடத்தில் காற்றோட்டம் இருக்கிறதென்று.

4. பழைய சாவடியைப் பார்வையிடுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நிதானம் வேண்டும். உங்கள் ஊரில் ஏற்கெனவே ஒரு சமுதாயக் கூடம் இருக்கும். ஊருக்கு ஊர் பெயர் மாறும்: சாவடி, மந்தைச் சாவடி, அம்பலம், மடம். மதுரை, தேனிப் பக்கம் போனால் நிறையவே பார்க்கலாம். மூன்று பக்கம் திறந்திருக்கும். ஆள் ஏறி உட்காரும் உயரத்தில் திண்ணை, கல் தூண்கள், மேலே கனமான தளம். திண்ணையின் விளிம்பு பல தலைமுறை உட்கார்ந்து உட்கார்ந்து மழுங்கிப்போயிருக்கும். தரைக்கல்லில் ஆடுபுலி ஆட்டக் கட்டம் கீறியிருப்பார்கள். சித்திரை மாதம் மதியம் பன்னிரண்டு மணிக்குச் சட்டையைக் கழற்றிவிட்டு அந்தக் கல்லில் படுத்துப் பாருங்கள். முதுகு ஜில்லென்று இருக்கும். வெயில் உள்ளே எட்டாது, காற்று ஒரு பக்கம் வந்து மறு பக்கம் போகும், கரண்ட் பில் கிடையாது.

கதவு இல்லை. அதனால் பூட்டு இல்லை, சாவி இல்லை, சாவியை வைத்துக்கொண்டு அலட்டிக்கொள்ள ஆளும் இல்லை. சாவடியின் ஆகப்பெரிய குறை இதுதான். அதை இடித்தே தீர வேண்டும்.

பொறியாளரை அழைத்து வாருங்கள். சுவரில் பூச்சு உப்பியிருக்கும் இடமாகப் பார்த்து ஒரு விரலால் சுரண்டச் சொல்லுங்கள். உதிரும். 'இடிந்து விழும் அபாய நிலையில் உள்ளது' என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நேரம் பார்த்துத் தலை நரைத்த கொத்தனார் ஒருவர் வந்து நிற்பார். "தம்பி, கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் விட்டுச் சுண்ணாம்பு அரைச்சுப் பூசுனா இன்னொரு அம்பது வருஷம் கெடக்கும்" என்பார். "சரிங்கய்யா, சொல்லி அனுப்புறோம்" என்று மரியாதையாக அனுப்பிவிடுங்கள். சொல்லி அனுப்பாதீர்கள்.

இடிக்க ஊர் சம்மதிக்கவில்லையா? சுற்றுவழி உண்டு. 'புதுப்பிக்கிறோம்' என்று சொல்லிச் சுவர் முழுக்கச் சிமெண்ட் பூசிவிடுங்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வாங்கியதை வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்ட் அப்பினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். சில மழைக்காலம் பொறுமையாக இருங்கள். பூச்சு பாளம் பாளமாகத் தானே விழும். அப்புறம் இடிப்பது உங்கள் விருப்பம் அல்ல, கடமை.

தூண்களை உடைத்துவிடாதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மரத்தூண், நிலைக்கதவு, கல், எனாமல் தட்டு வரை எல்லாவற்றுக்கும் விலை உண்டு. சாவடித் தூண் அப்படியே பயணம் போய் ஏதாவதொரு ரிசார்ட்டின் வரவேற்பறையில் நிற்கும். அங்கே ஒரு நாள் தங்கிய உங்கள் ஆர்க்கிடெக்ட், 'இதே மாதிரி தூண் நம்ம கூடத்து முகப்பில் வைத்தால் மண்மணமாக இருக்கும்' என்று சொல்லுவார். சிமெண்டில் வார்த்துப் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம்.

5. வரலாற்றைத் தேர்ந்தெடுங்கள்

வரலாறு என்பது கடையில் வாங்கும் சாமான். பளபளப்பானதைப் பார்த்து வாங்க வேண்டும். காவிரிப் படுகை என்றால் முகப்பில் ராஜராஜன். மதுரைச் சுற்றுவட்டாரம் என்றால் சிமெண்ட் காளை. கடற்கரை என்றால் ஒரு பாய்மரக் கப்பல். எதுவும் அகப்படாவிட்டால் இரண்டு யானை.

உங்கள் ஊர்க்காரர்கள் உண்மையில் என்ன செய்து பிழைத்தார்கள் என்று மட்டும் விசாரித்துவிடாதீர்கள். நெசவாளர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் நீளமாகப் பாவு விரித்து வேலை செய்வார்கள். தூறல் விழுந்தால் அலறி அடித்துச் சுருட்டுவார்கள். கூடத்தின் பக்கவாட்டில் நீளமாக ஒரு தாழ்வாரம் இறக்கினால் கல்யாணம் இல்லாத நாளெல்லாம் அவர்கள் பாவு விரிப்பார்கள். மீனவர் ஊரில் கடல் பார்த்த நிழல் ஒன்று இருந்தால் வலை சரிசெய்வார்கள். அப்புறம் கூடம் தினமும் புழக்கத்தில் இருக்கும். அழுக்காகும். போட்டோவுக்கு நன்றாக இருக்காது. சுவரில் தறி படம் ஒன்று வரைந்துவிடுங்கள், போதும்.

உங்கள் ஊருக்கு என்று ஒரு காலம் இருந்தால் அதை விட்டு வேறொரு காலத்தைக் கடன் வாங்குங்கள். கீழடியில் சுட்ட செங்கல் சுவர், உறைகிணறு, கட்டித் தொங்கவிடத் துளை போட்ட கூரை ஓடு எல்லாம் கிடைத்தன. ஏறத்தாழ 2,600 ஆண்டு பழமை என்றார்கள். அவற்றை வைக்க 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டினார்கள். அழகான கட்டடம்தான், கூட்டமும் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் செட்டிநாட்டு வீடுகள் பர்மாத் தேக்கும் வட்டிக்கடை லாபமும் வந்து இறங்கிய பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுச் சமாசாரம். இரண்டுக்கும் நடுவே இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள். மாவட்டம் ஒன்றுதானே, சிவகங்கை, அது போதும். அரசே வழி காட்டியபின் உங்களுக்கு என்ன தயக்கம்?

ஆகவே செட்டிநாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். செய்முறை இதோ.

அந்த வீடுகளில் முகப்பைத் தாண்டினால் நடுவில் திறந்த முற்றம் இருக்கும். சுற்றிலும் தூண் வைத்த வளவு. நாலு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரிந்து மழையை முற்றத்தில் இறக்கும். வெக்கை மேலே எழும்பி அந்தத் திறப்பு வழியே போய்விடும், நிழலில் இருக்கும் அறைகளிலிருந்து காற்று இழுபடும், நடுப்பகலிலும் விளக்கு வேண்டாம். வீட்டின் மூச்சே அந்த முற்றம்தான். எனவே தூண்களை வைத்துக்கொண்டு முற்றத்தை மூடுங்கள். பாலிகார்பனேட் ஷீட் போட்டால் வெளிச்சமும் வெக்கையும் உள்ளே வரும், வெக்கை மட்டும் வெளியே போகாது.

தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். ஆத்தங்குடி உங்கள் ஊரிலிருந்து சில மணி நேரத்தில் இருக்கும். அங்கே கண்ணாடித் தட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளையும் கிடையாது, நெருப்பும் கிடையாது. நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும். இதை வாங்கினால் பக்கத்து ஊர்க் குடும்பம் ஒன்று பிழைத்துப்போகும் அபாயம் இருக்கிறது. குஜராத்தில் மோர்பியிலிருந்து வரும் டைல்ஸில் ஆத்தங்குடி டிசைனையே பிரிண்ட் போட்டுத் தருகிறார்கள். லாரி வாடகை சேர்த்து அதை வாங்குங்கள். ஈரக்காலோடு பந்தியிலிருந்து எழுந்து வரும் பெரியவர்கள் வழுக்கி விழுந்தாலும் நம்ம ஊர்ப் பூ டிசைனின் மேல்தானே விழுகிறார்கள்.

6. சில வரலாற்றைச் சொல்லாமல் கட்டுங்கள்

சாவடித் திண்ணையைப் பற்றி மேலே புகழ்ந்தேன். அந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள், யார் கீழே தெருவில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள் என்பதும் உள்ளூர் வரலாறுதான். இதைச் சுவரில் ஓவியமாக வரையாதீர்கள். கட்டடமாகவே கட்டிவிடுங்கள். ஊருக்குள் ஒரு கூடம், காலனிக்கு ஒரு கூடம். பெரியது இங்கே, சின்னது அங்கே. யாராவது கேட்டால், "அவங்களே தனியா வேணும்னு கேட்டாங்க" என்று சொல்லுங்கள். ஒரே கூடத்துக்குத்தான் பணம் என்றாலும் கவலை வேண்டாம், புக்கிங் நோட்டு இருக்கிறது. அவர்கள் கேட்கிற தேதி எப்போதும் ஏற்கெனவே போயிருக்கும்.

1990களின் கடைசியில் சமத்துவபுரங்கள் கட்டியபோது, பல சாதியாரையும் கலந்து நூறு வீடு, எல்லோருக்கும் பொதுவாக ஒரே சமுதாயக் கூடம் என்று திட்டம் போட்டார்கள். எல்லா வரைபடத்தையும் காப்பி அடிக்கும் நீங்கள் அதை மட்டும் அடித்துவிடாதீர்கள்.

7. பொருள்களைத் தூரத்திலிருந்து வாங்குங்கள்

ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருளெல்லாம் அதைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைக்க வேண்டும் என்பது காந்தியின் கருத்து. அதைப் பிடித்துக்கொண்டு லாரி பேக்கர் என்கிற ஆங்கிலேயர் திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து 2007-ல் சாகும்வரை கட்டிக்கொண்டிருந்தார். செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவார். செங்கல்லில் ஏறத்தாழ கால் பங்கு மிச்சம், அந்த வெற்றிடம் வெயிலையும் தடுக்கும். கான்கிரீட் தளத்தில் கீழ்ப்பாதி கான்கிரீட் சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறதே என்று அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓட்டை வைத்து வார்ப்பார். சிமெண்டும் மிச்சம், கம்பியும் மிச்சம்.

இதில் இருக்கும் ஆபத்து உங்களுக்குப் புரிந்திருக்கும். எஸ்டிமேட் குறையும். எஸ்டிமேட் குறைந்தால் அதன் மேல் கணக்குப் போடும் எல்லாச் சதவீதமும் குறையும். எந்தச் சதவீதம் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட யோசனைகளோடு யாராவது இளம் ஆர்க்கிடெக்ட் வந்தால் ஒரே மந்திரம்தான்: "ரேட் ஷெட்யூல்ல இல்லையே தம்பி." மண் கல், சுண்ணாம்பு, பனங்கட்டை, புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்பாறாங்கல், எதைச் சொன்னாலும் இதே பதில். பையன் சோர்ந்து போய் நகரத்துக் காபிக் கடைக்கு டிசைன் செய்யப் போய்விடுவான். அங்கே அவனுடைய மண் சுவருக்கு ஏக மதிப்பு.

நீங்கள் முகப்புக்கு அலுமினியப் பேனல் ஒட்டுங்கள். மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வையுங்கள், சாயங்கால வெயில் மணமேடை வரை வர வேண்டும். கூரைக்கு மெட்டல் ஷீட். பங்குனி, சித்திரையிலும் முகூர்த்தம் உண்டு. மாப்பிள்ளை பட்டு வேட்டியில் வேர்த்து ஊற்றட்டும், வீடியோவில் உணர்ச்சிவசப்பட்ட மாதிரி தெரியும். ஐப்பசியில் மழை பெய்தால் ஷீட் மேல் விழும் சத்தத்தில் தவில்காரர் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் கேட்காது. கெட்டிமேளம் எப்போது என்று தெரியாமல் அட்சதையைக் கையிலேயே வைத்திருக்கும் கூட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

8. உள்ளே

சுவர், தரை, கூரை எல்லாம் வழவழவென்று இருக்கட்டும். மைக்கில் ஒரு தடவை பேசினால் நாலு தடவை கேட்கும். பேச்சாளர்களுக்குப் பிடிக்கும்.

தரைமட்டத்தை ரோட்டுக்கு மேல் மூன்றடி உயர்த்துங்கள். சாய்தளம் கேட்பார்கள், ஏனென்றால் தேர்தல் அன்று இதுதான் வாக்குச்சாவடி. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. மூன்றடிக்கு முப்பத்தாறடி ஆகும். அவ்வளவு இடம் ஏது? ஆறடியில் முடித்துவிடுங்கள். சக்கர நாற்காலியை மேலே தள்ள இரண்டு பேர், கீழே வரும்போது பிடித்துக்கொள்ள நாலு பேர். சமுதாயம் ஒன்றுகூடுவதுதானே சமுதாயக் கூடத்தின் நோக்கம்.

மணமகள் அறைக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம். குழந்தைக்குப் பால் கொடுக்க இடம் எங்கே என்று கேட்டால் ஜெனரேட்டர் அறையைக் காட்டுங்கள். சமையல்கூடம் என்று ஒன்று கட்டாதீர்கள். சமையல் மாஸ்டர் எப்படியும் பின்பக்கம் தகரம் கட்டி அடுப்பு மூட்டிக்கொள்வார். புகை ஜன்னல் வழியே மேடைக்கு வரும்.

9. மக்களைக் கலந்தாலோசியுங்கள்

இதை விட்டுவிடாதீர்கள், ஆவணத்தில் வேண்டும். வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அஸ்திவாரம் போட்டு முடித்தபிறகு வரும் முதல் தேதியைத் தேர்ந்தெடுங்கள். வெயில் ஏறியதும் ஆரம்பியுங்கள்.

ஃபிளெக்ஸில் 3டி படம் அடித்து மாட்டுங்கள். கம்ப்யூட்டரில் வரைந்த படம். கூடத்தின் முன் பச்சைப் புல்தரை, நீரூற்று, வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று நாய்க்குட்டியோடு நடந்து போகும். உள்ளூர்ச் சூழல் என்ற தலைப்பில் இந்தப் படத்தை நீங்கள் பலமுறை கைதட்டிப் பாராட்டியிருக்கிறீர்கள், எனக்குத் தெரியும்.

கூட்டத்தில் ஓர் ஆத்தா எழுந்திருப்பார். "ஏம்ப்பா, அந்த வேப்பமரத்துக்குக் கீழயே நாலு கல்லப் போட்டு மேல ஒரு கொட்டாயப் போட்டா ஆகாதா?" என்பார். இந்தக் கட்டுரையில் நான் சொன்ன, சொல்லப்போகிற எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் கவிழ்த்துவிடும் கேள்வி இது. ஜாக்கிரதை. "நல்ல யோசனை ஆத்தா, மேலிடத்துக்கு எழுதிப் போடுறோம்" என்று சொல்லிவிட்டு, டீயும் வடையும் வந்துவிட்டதாக அறிவியுங்கள். வருகைப் பதிவேட்டில் வாங்கும் கையெழுத்துக்கு மேலே, 'ஒருமனதாக ஏற்கப்பட்டது' என்று எழுத இரண்டு வரி இடம் விட்டுவையுங்கள்.

10. கல்வெட்டு

கட்டடம் எப்படி இருந்தாலும் இது சரியாக இருக்க வேண்டும். கறுப்பு கிரானைட், தங்க எழுத்து. மாண்புமிகுக்கள் மேலிருந்து கீழ் பதவி வரிசைப்படி. வரிசை தவறினால் கூடம் திறக்காது.

வரலாறு தெரிந்த யாராவது உத்திரமேரூரைச் சொல்லிக் குறுக்கே வருவார்கள். அங்கே ஊர்ச்சபை கூடிய மண்டபத்தின் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும், விதிகளை வெட்டிவைத்திருக்கிறார்கள். குடவோலையில் யார் பெயரைப் போடலாம், யார் பெயரைப் போடக்கூடாது என்று. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினர்களும் திரும்ப வரக்கூடாது என்பது அதில் ஒன்று. அந்தச் சபையிலும் எல்லோருக்கும் இடமில்லை. அது பிராமணர் ஊர், நிலமும் படிப்பும் உள்ள ஆண்களின் சபை. இருந்தாலும் சுவரில் எழுதியது கணக்கு கேட்கும் விதியை.

இந்தப் பழக்கத்தை எக்காரணம் கொண்டும் புதுப்பிக்காதீர்கள். மதிப்பீடு எவ்வளவு, செலவு எவ்வளவு, வாடகை எவ்வளவு, வாடகைப் பணம் எங்கே போகிறது என்று கிரானைட்டில் வெட்டினால் கல் தாங்காது.

11. சாவி

திறப்பு விழா முடிந்த கையோடு பூட்டுங்கள். சாவி ஒருவரிடம்தான் இருக்க வேண்டும், அவர் பெரும்பாலும் வெளியூரில் இருக்க வேண்டும். கூடத்துக்குள் தேர்தல் நேரத்து மரத்தடுப்பு, இலவச சைக்கிள், உடைந்த நாற்காலி எல்லாவற்றையும் அடுக்குங்கள். பராமரிப்புக்கு என்று எதுவும் ஒதுக்காதீர்கள். புதுக் கட்டடத்துக்குத்தான் திறப்பு விழா உண்டு. ஓட்டை அடைத்ததற்கு யாரும் ரிப்பன் வெட்ட மாட்டார்கள்.

ஊர்க்கூட்டம் நடக்க வேண்டிய நாளில் ஜனங்கள் கூடத்து வாசலில், பூட்டின ஷட்டருக்கு முன்னால், காண்ட்ராக்டர் மறந்து விட்டுப்போன ஜல்லிக் குவியலின் மேல் துண்டை விரித்து உட்காருவார்கள். கல்யாணத்துக்குக் கூடத்தை வாடகைக்கு எடுத்தவர்கள் வெக்கை தாங்காமல் வெளியே தெருவை மறித்துப் பந்தல் போட்டுப் பந்தி வைப்பார்கள். வாடகை ரசீது இருக்கிறதல்லவா? பயன்பாட்டில் உள்ளது என்று ரிப்போர்ட் எழுதுங்கள்.

சில ஆண்டுகளில் ஷீட் துருப்பிடிக்கும், பேனல் ஒவ்வொன்றாகக் காற்றில் பறக்கும், குளத்து ஈரம் சுவரில் ஆள் உயரத்துக்கு ஏறும். பொறியாளரை அழைத்து ஒரு விரலால் சுரண்டச் சொல்லுங்கள். மீதி உங்களுக்கே தெரியும்.

அடுத்த கூடத்துக்கான கருத்துருவை இப்போதே எழுதி வையுங்கள். நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது.